கனவு என்று அறிவிக்காமல் கனவுக்குள் வெட்டுவது எப்படி? கதைப்படத்தில் சர்ரியலிசமும் படத்தொகுப்பும்

கேள்வி
எழுதியவர்: மாடிப்படி

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் 4 ஆண்டுகளாக உதவிப் படத்தொகுப்பாளராக வேலை பார்த்து வருகிறேன். சொந்தச் சேமிப்பையும் நண்பர்களின் உழைப்பையும் கொண்டு 22 நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்து, இப்போது அதைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். படத்தின் ஒரே ஒரு வெட்டில் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு மாறும் இடத்தில்) மூன்று வாரமாக நகர முடியாமல் நிற்கிறேன். அதைப் பற்றித்தான் இங்கே கேட்க விரும்புகிறேன்.

கதை இதுதான். ஐம்பது வயதைக் கடந்த கணக்கர் ஒருவர் மாலையில் பறக்கும் ரயிலில் வந்து திருமயிலை நிலையத்தில் இறங்குகிறார். அந்த நிலையத்துக்குப் போனவர்களுக்கு அதன் தன்மை தெரியும்: ஆள் நடமாட்டம் குறைந்த பெரிய கூடங்கள், வெளிச்சம் போதாத படிக்கட்டுகள், நாம் வைத்த காலடி சற்றுத் தாமதித்து நம்மிடமே திரும்பி வரும் ஓசை. அவர் படிகளில் இறங்கிக்கொண்டே இருக்கிறார். கடைசிப் படிக்குக் கீழே லஸ் பக்கத்துத் தெரு இருக்க வேண்டும். ஆனால் அங்கே கும்பகோணத்துக்கு அருகே பல ஆண்டுகளுக்கு முன்பே இடிக்கப்பட்டுவிட்ட அவருடைய பாட்டி வீட்டு முற்றம் இருக்கிறது. பாட்டி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். "இவ்வளவு நேரமா?" என்று மட்டும் கேட்கிறாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூணருகே உட்கார்கிறார். சிறிது நேரம் கழித்து எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தால், அங்கே மறுபடியும் நடைமேடை. வேளச்சேரி செல்லும் வண்டி வந்துகொண்டிருக்கிறது.

படிக்கட்டிலிருந்து முற்றத்துக்குப் போகும் வெட்டுதான் சிக்கல். முதலில் இரண்டு வினாடி டிசால்வ் (ஒரு பிம்பம் கரைந்து அடுத்ததாக மாறுவது) போட்டேன். பார்த்த நண்பர்கள் அனைவரும் "ஓ, பாட்டியை நினைத்துக்கொள்கிறார்" என்று சொன்னார்கள். அவர் நினைக்கவில்லை, அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதே என் எண்ணம். டிசால்வை எடுத்துவிட்டு, இடையில் எதுவும் இல்லாத நேர்வெட்டாக வைத்தேன். இப்போது நடுவில் ஏதோ ஷாட் விடுபட்டுப்போனது போல, என் பிழை போலத் தெரிகிறது. அனுபவமுள்ள ஒருவர், முற்றத்துக் காட்சிக்கு நீலச் சாயம் கொடுத்து, வெட்டுக்கு முன் ஒரு மணியோசையும் வைத்தால்தான் பார்ப்பவர்களுக்குப் புரியும் என்று அறிவுரை சொன்னார். அதைச் செய்ய என் மனம் ஒப்பவில்லை.

உலகம் மாறிவிட்டது என்று ஒரு வெட்டு உணர்த்துவதற்கும், தொகுப்பவர் தவறிவிட்டார் என்று அது தோன்றுவதற்கும் இடையில் உள்ள வேறுபாடு எதில் இருக்கிறது? வினோதமான பிம்பத்தை எழுத்தும் கலை இயக்கமும் ஒளிப்பதிவும் சேர்ந்து உருவாக்கிக் கொடுத்த பிறகு, கனவின் போக்கில் இயங்கும் சர்ரியலிசத்தில் படத்தொகுப்பாளர் செய்வதற்கு உண்மையில் என்ன மிஞ்சுகிறது? தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1
எழுதியவர்: ஒட்டுநாடா

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன. வினோதமான பிம்பம் மட்டும் சர்ரியலிசம் ஆகாது. குதிரைத் தலை வைத்த மனிதன் ஒருவனை நீங்கள் ஒரே ஷாட்டில் காட்டினால் அது ஒப்பனை. அவன் வாசற்கதவைத் திறந்து உள்ளே வருவதையும், வீட்டிலிருப்பவள் நிமிர்ந்து பார்ப்பதையும், அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்வதையும் நாம் வழக்கமாக ஒரு குடும்பப் படத்தில் வெட்டுவது போலவே பார்வைக்கோடு தவறாமல், அசைவு தவறாமல் வெட்டிக் காட்டினால்தான் பார்ப்பவர் நெஞ்சு ஒரு கணம் தடுமாறும். நடக்க முடியாததை நடந்ததாக நம்ப வைப்பது வெட்டின் ஒழுங்குதான்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் டிசால்வ் என்பது விசைப்பலகையில் ஒரு பொத்தான் அல்ல. ரஷ் பிரிண்டின் (தொகுப்பதற்கான படச்சுருள் நகல்) மேல் மெழுகுப் பென்சிலால் கோடு இழுத்து, நீளத்தைக் குறித்து, லேபுக்கு அனுப்பி, அங்கே இரண்டு பிம்பத்தையும் ஆப்டிகல் முறையில் சேர்த்து வரும் வரை காத்திருப்போம். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். வினாடிக்கு 24 ஃபிரேம் என்பதால், நீங்கள் போட்ட இரண்டு வினாடி டிசால்வ் அன்றைய கணக்கில் 3 அடி. காசும் நாளும் செலவாகும் என்பதால் காரணமில்லாமல் யாரும் கேட்க மாட்டார்கள். காலம் கடந்துவிட்டது என்று சொல்லவும், ஒருவர் பழையதை எண்ணிப் பார்க்கிறார் என்று சொல்லவுமே அது பெரும்பாலும் பயன்பட்டது. பல தலைமுறைகளாக அப்படியே பார்த்துப் பழகிய கண்ணுக்கு உங்கள் டிசால்வ் "நினைவு" என்றுதான் படும். அதை எடுத்தது சரியான முடிவு. நீலச் சாயமும் மணியோசையும் அதே அறிவிப்பை வேறு குரலில் செய்பவை, அவற்றையும் தொடாதீர்கள்.

இனி, நேர்வெட்டு ஏன் பிழையாகத் தெரிகிறது? உங்கள் வெட்டில் இரண்டு ஒழுங்குகள் ஒரே கணத்தில் உடைகின்றன என்று ஊகிக்கிறேன். ஒன்று, உலகத்தின் ஒழுங்கு. மற்றொன்று, வெட்டின் ஒழுங்கு. முதலாவது உடைய வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் படத்தையே எடுத்திருக்கிறீர்கள். இரண்டாவது மயிரிழையும் பிசகக் கூடாது.

மௌனப்பட நகைச்சுவைக் கலைஞர் பஸ்டர் கீட்டன் 1924இல் எடுத்த 'ஷெர்லக் ஜூனியர்' படத்தை இந்த நோக்கத்தோடு மறுபடி பாருங்கள். பாரிஸில் ஆந்த்ரே பிரெத்தோன் சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். கீட்டனுக்கும் அந்த அறிக்கைக்கும் தொடர்பில்லை. திரையரங்கில் புரொஜெக்டர் இயக்குபவர் தூங்கிப்போய், கனவில் திரைக்குள்ளேயே நடந்து போகிறார். தோட்டத்துப் பெஞ்சில் உட்காரப் போகிறார், வெட்டு விழுகிறது, பெஞ்சு இருந்த இடம் தெருவாகிவிட, தரையில் விழுகிறார். பாறையிலிருந்து கடலுக்குள் தலைகுப்புறப் பாய்கிறார்; பனிக்குவியலில் போய் விழுகிறார். ஒவ்வொரு வெட்டிலும் இடம் மாறுகிறது. ஆனால் சட்டகத்துக்குள் அவர் உடம்பு இருக்கும் இடமும் அதன் அளவும் தொடங்கிய அசைவும் மாறவில்லை. கேமராவுக்கும் தனக்கும் உள்ள தொலைவை நில அளவைக் கருவிகளால் அளந்து, ஒவ்வொரு இடத்திலும் அதே புள்ளியில் நின்று படம் பிடித்தார்கள். சிரிப்புப் படம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. உங்கள் படிக்கட்டுக்கு வேண்டிய பாடம் முழுவதும் அதில் இருக்கிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1929இல், இயக்குநர் லூயி புனுவெலும் ஓவியர் சால்வடார் டாலியும் சேர்ந்து 'அன் ஷியன் ஆந்தலூ' எடுத்தபோது, அறிவால் விளக்கிவிடக்கூடிய எந்தப் பிம்பத்தையும் ஏற்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டார்கள். ஆனால் வெட்டுவதில் அந்த விதியைப் பின்பற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். நிலவை ஒரு மேகக் கீற்று குறுக்காகக் கடக்கிறது. அடுத்துக் கண்ணைச் சவரக்கத்தி குறுக்காகக் கடக்கிறது. அங்கே அறுபடுவது ஒரு கன்றின் கண். அந்த இரண்டு அசைவுகளின் ஒற்றுமைதான் நம்மை ஏமாற்றுகிறது. எல்லோரும் அந்தக் கண்ணைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது படத்தின் முடிவுக்கு அருகே வரும் ஒரு கதவு. அவள் மாடி அறையின் கதவைத் திறந்து வெளியேறுகிறாள், கடற்கரையில் நிற்கிறாள். வெளியேறும் அசைவும் வந்து நிற்கும் அசைவும் பொருந்துவதால் நாம் அதைக் கேள்வி கேட்பதற்குள் அவள் நடக்கத் தொடங்கிவிடுகிறாள். உங்கள் கொல்லைக் கதவின் மூதாதை அதுதான்.

மாயா டெரன் 1943இல் அலெக்சாண்டர் ஹம்மிடுடன் சேர்ந்து எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. கையில் கத்தியோடு ஒருத்தி, உறங்கும் தன்னையே நோக்கி எழுந்து நடக்கிறாள். ஒரு காலடி மணலில், ஒன்று புல்லில், ஒன்று சிமென்ட் தளத்தில், கடைசியில் அறைக்குள் விரித்த கம்பளத்தில். நடையின் சீர் மட்டும் மாறவில்லை. டெரன் தம்மைச் சர்ரியலிஸ்ட் என்று அழைப்பதை ஏற்கவில்லை. பெயர் எதுவானாலும் அந்தக் காலடிகள் நமக்குப் பாடம்தான்.

இவற்றோடு உங்கள் ஷாட்டுகளை ஒப்பிட்டுச் சில செய்திகளைச் சொல்லுங்கள். படியில் இறங்கும்போது அவர் திரையில் இடமிருந்து வலம் போகிறாரா? முற்றத்தில் நுழையும்போதும் அதே திசைதானா? இரண்டு ஷாட்டிலும் கேமராவின் உயரம் ஒன்றா? நடை வேகம் ஒன்றா? வெட்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்? கால் தரையில் ஊன்றிய பின் வெட்டியிருந்தால் அசைவு அங்கே முடிந்துவிடும். முடிந்த அசைவின் மேல் புதிய இடம் வந்தால் அது வேறு காட்சியின் தொடக்கமாகவே தெரியும். தூக்கிய கால் பாதி இறங்கும்போது வெட்டி, அடுத்த ஷாட்டில் அதே பாதியிலிருந்து இரண்டு மூன்று ஃபிரேம் பின்னால் தொடங்கிப் பாருங்கள். எங்கள் அறையில் இது சரியாக அமையாவிட்டால் "ஜெர்க் அடிக்கிறது" என்போம். அந்த ஜெர்க்தான் உங்கள் நண்பர்களுக்குப் பிழையாகத் தெரிகிறது.

இன்னொன்று. படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் நல்ல வெட்டுக்கான ஆறு அளவுகோல்களுக்கு விழுக்காடு கொடுத்திருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள்: உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10 என்று இறங்கி, முப்பரிமாண இடத்தொடர்ச்சிக்கு வெறும் 4. வழக்கமான கதைப்படத்துக்கு அந்த வரிசையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் இங்கே கதையே இடத்தை உடைப்பது. கதை தராத உறுதியை வேறு ஏதேனும் ஒன்று பார்வையாளருக்குத் தந்தாக வேண்டும். ஆகவே அவர் கடைசியில் வைத்த அந்த நான்கை இப்படிப்பட்ட வெட்டுகளில் முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் துணிபு.

மறுமொழி 2
எழுதியவர்: சனிக்கிழமைத் திரை

மூத்தவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பார்வையாளருக்குப் புரியாது என்ற அந்த அறிவுரைக்கு நேரடியாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. தமிழ்ப் பார்வையாளரைப் போல இடம் மாறும் வெட்டுக்குப் பழகியவர்கள் உலகில் குறைவு. மயிலாப்பூர்த் தெருவில் தொடங்கும் காதல் பாட்டு, பல்லவி முடிவதற்குள் பனிமலைக்குப் போய், சரணத்தில் பாலைவனத்துக்கு வந்து, ஆறு உடை மாறி, மறுபடி அதே தெருவில் முடிவதை மூன்று தலைமுறைகளாகப் பார்த்துவருகிறோம். எவரும் குழம்பியதில்லை. சாயம் மாற்றியோ மணி அடித்தோ எவரும் அதை அறிவித்ததும் இல்லை. பிம்பங்கள் எங்கே பறந்தாலும் கீழே ஓடும் பாட்டு அறுபடாமல் இருப்பதுதான் அதற்குக் காரணம்.

அலென் ரெனே 1961இல் எடுத்த 'லாஸ்ட் இயர் அட் மரியன்பாத்' படத்திலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கும் ஒரு குரலின் கீழ், நாயகியின் உடை வெட்டுக்கு வெட்டு மாறுகிறது. அதைப் பார்த்து உலகம் திகைத்தது. நம் பாட்டி அதைப் பாட்டுக் காட்சி என்று இயல்பாக எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆனாலும் இரண்டுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. பாட்டு தொடங்கும்போதே "இனிமேல் எதுவும் நடக்கலாம்" என்ற அனுமதியை நாம் கொடுத்துவிடுகிறோம். அனுமதி கொடுத்த பிறகு திகைப்பு இல்லை. சர்ரியலிசம் அந்த அனுமதியைக் கேட்பதே இல்லை. மாடிப்படி அவர்களே, நீங்கள் மணியோசை வைத்தால் உங்கள் படம் பாட்டுக் காட்சியின் பக்கம் சாய்ந்துவிடும். அதில் இழிவு ஒன்றும் இல்லை, ஆனால் நீங்கள் விரும்பியது அதுவன்று.

நம் மண்ணிலேயே நடக்கும் ஒரு படத்தையும் நினைவூட்டுகிறேன். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்', 2022. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பும் மலையாளக் குழுவில் ஒருவர், மதிய உறக்கத்திலிருந்து விழித்து, பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல்வழி நடந்து, ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் போய், அங்கிருந்து காணாமல்போன ஒருவராகவே வாழத் தொடங்குகிறார். இடையில் எந்த மந்திர ஒளியும் இல்லை. பெரும்பாலும் அசையாத சட்டகங்கள். அவற்றுக்குள் அவர் மாட்டுக்கு வைக்கோல் போடுவதும் கடைக்குப் போவதும் நிதானமாக நடக்கின்றன. ஊரெங்கும் தொலைக்காட்சியிலிருந்தும் ஒலிபெருக்கியிலிருந்தும் பழைய தமிழ்ப் படங்களின் வசனமும் பாட்டும் கசிந்துகொண்டே இருக்கின்றன. வெட்டு வேகமாக இருந்தால்தான் கனவு என்று எண்ணுபவர்கள் இதைப் பார்க்க வேண்டும். உங்கள் முற்றத்துக் காட்சியை அவசரப்பட்டுத் துண்டாக்காதீர்கள். வந்து சேர்ந்த பிறகு அவர் அங்கேயே சற்று இருக்கட்டும்.

கேட்டவர்
எழுதியவர்: மாடிப்படி

ஐயா, நீங்கள் ஊகித்தது அப்படியே உண்மை. நிலையத்தில் இடமிருந்து வலம். முற்றத்தில் தூண் மறைத்ததால் கேமராவை எதிர்ப்பக்கம் வைத்தோம், அங்கே வலமிருந்து இடம். முற்றத்து ஷாட்டை இடவலமாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். வெட்டு உடனே மென்மையாகிவிட்டது. ஆனால் அவருடைய சட்டைப் பை வலப்பக்கம் போய்விட்டது, பாட்டியின் முந்தானை வலத்தோளில் கிடக்கிறது. இதை அப்படியே விடலாமா? தலைகீழ் உலகம் என்ற பொருள் தானாக வந்து சேர்கிறதே என்று ஒரு நண்பர் சொல்கிறார்.

மறுமொழி 3
எழுதியவர்: ஒட்டுநாடா

விடக் கூடாது. பாட்டியின் முந்தானை இடம் மாறியதைக் கண்ட மறுகணம் பார்ப்பவர் அதற்குப் பொருள் தேடத் தொடங்குவார், பாட்டியை விட்டுவிடுவார். ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' படத்துக்கு 1945இல் டாலியே கனவுக் காட்சியை வடிவமைத்தார். பார்க்க அழகானது. ஆனால் கதை அந்தக் கனவின் ஒவ்வொரு பொருளையும் துப்பாக எடுத்து விளக்கிவிடுவதால், அது குறுக்கெழுத்துப் புதிராகிவிடுகிறது. உங்களுக்கு அந்த வழி வேண்டாம்.

கால்கள் மட்டும் தெரியும் நெருக்கக் காட்சி முற்றத்தில் எடுத்திருக்கிறீர்களா? இருந்தால் அதை மட்டும் திருப்பிப் போடுங்கள். காலில் சட்டைப் பையும் இல்லை, முந்தானையும் இல்லை. ஒன்றரை வினாடி அந்தக் கால்கள் இருக்கட்டும். அதிலிருந்து பாட்டியின் கைக்கு வெட்டுங்கள். பிறகு அகல ஷாட்டுக்குப் போகும்போது திசை எதுவானாலும் யாருக்கும் உறுத்தாது.

மறுமொழி 4
எழுதியவர்: கனாத்திறம்

நான் திரைத்துறையைச் சேர்ந்தவள் அல்லள். தமிழ் இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவள். தம்பி எழுதியதில் "அவர் நினைக்கவில்லை, அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்" என்ற வாக்கியத்தைப் படித்ததும் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை நினைவுக்கு வந்தது, அதைப் பகிர்ந்துகொள்ளவே எழுதுகிறேன்.

அந்தக் காதை கோப்பெருந்தேவியின் தீக்கனாவோடு தொடங்குகிறது. குடையும் செங்கோலும் விழுகின்றன, வாயில்மணி தானே நடுங்குகிறது, கதிரவனை இருள் விழுங்குகிறது. அவள் தோழியிடம் இதைச் சொல்லும்போது, "கண்டேன்" என்று முடிந்துபோன காலத்தில் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் "காண்பென்காண் எல்லா" என்கிறாள். கனவு அவளுக்குக் கடந்துபோன செய்தி அன்று. இன்னும் கண்முன் நிகழ்ந்துகொண்டிருப்பது. டிசால்வுக்கும் நேர்வெட்டுக்கும் நீங்கள் சொல்லும் வேறுபாட்டை, எனக்குப் புரிந்த அளவில், இளங்கோ வினையின் காலத்தில் வைத்துவிட்டார்.

அரசனிடம் போவதற்கு முன் மறுபடியும் அந்தக் கனவைச் சொல்கிறாள். "இரவு வில்லிடும் பகல்மீன் விழும்" என்கிறாள். இரவில் வானவில், பகலில் விண்மீன் வீழ்ச்சி. இரண்டும் நாம் அறிந்த பொருள்களே; நேரம் மட்டுமே மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது. "போல" என்ற உவம உருபோ விளக்கமோ எதுவும் இல்லை. இரண்டு குறுஞ்சொற்றொடர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். பிறகு அவள் அரசனிடம் போய்க் கனவைச் சொல்கிறாள்; அவன் அரியணையில் அமர்ந்திருக்கிறான். அங்கே இளங்கோ "இப்பால்" என்ற ஒரே சொல்லை வைக்கிறார். அடுத்த அடி, "வாயிலோயே வாயிலோயே" என்று கண்ணகியின் குரல். அவள் எப்படி நடந்து வந்தாள், எத்தனை தெரு கடந்தாள் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. கனவில் நடுங்கிய அதே வாயிலில் அவள் நிற்கிறாள். கனவிலிருந்து நனவுக்குச் செல்ல அந்த ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது. வகுப்பில் பல ஆண்டுகள் இதை நடத்தியிருக்கிறேன். "இப்பால்" என்பதை வெறும் இணைப்புச் சொல் என்று கடந்துபோனதற்காக இப்போது வருந்துகிறேன்.

சென்னைக்கு உரிய சான்று வேண்டுமானால் புதுமைப்பித்தன் இருக்கிறார். அவருடைய சிறுகதை ஒன்றில், பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்தியில் கந்தசாமிப் பிள்ளை நின்றுகொண்டிருக்கிறார். கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். பேரொளி எதுவும் தோன்றவில்லை. டிராமில் போகலாம், பஸ்ஸில் போகலாம் என்ற பதில் கிடைக்கிறது. வழி கேட்பதும் சொல்வதும் அந்தச் சந்தியில் நாள்தோறும் நடப்பவை என்பதால் கடவுளும் அங்கே நின்றுவிட முடிகிறது. தம்பியின் பாட்டி "இவ்வளவு நேரமா?" என்று கேட்பது அந்த வகையைச் சேர்ந்தது. மிகச் சரியான வாக்கியம். அதற்கு மேல் அவளை ஒரு சொல்லும் பேச வைக்காதீர்கள்.

மறுமொழி 5
எழுதியவர்: அறையோசை

ஒலி வடிவமைப்பில் இருப்பவன். இவ்வளவு பேச்சிலும் ஒலி ஓரமாகவே வந்துபோனது என்பதால் எழுதுகிறேன். முந்தைய மறுமொழியில் அம்மா மேற்கோள் காட்டிய இடத்திலேயே எனக்குத் தேவையானது இருக்கிறது. "கடைமணியின் குரல் காண்பென்" என்பதுதான் அந்த அடி. குரலைக் கேட்பதாக இல்லை, காண்பதாக இருக்கிறது.

மாடிப்படி, உங்கள் இப்போதைய ஒலித்தடம் எப்படி இருக்கும் என்று என்னால் ஏறத்தாழச் சொல்ல முடியும். வெட்டு விழும் அதே ஃபிரேமில் நிலையத்தின் முழக்கம் நின்று, முற்றத்தின் குருவிச் சத்தம் தொடங்குகிறது. பிம்பமும் ஒலியும் சேர்ந்து ஒரே கோட்டில் அறுபட்டால் அது கத்தரித்த இடமாகத்தான் காதுக்குப் படும். ஒலியைப் பிம்பத்தோடு சேர்த்து வெட்டாதீர்கள்.

உங்களிடம் அருமையான ஓர் ஓசை இருக்கிறது: முறத்தில் அரிசி புடைக்கும் ஓசை. "சர்க்… சர்க்…" என்று சீராக வருவது. அதை நிலையத்திலேயே, அவர் கடைசித் திருப்பத்துக்கு வருவதற்கு முன்பே, மிகத் தாழ்வாகத் தொடங்கிவிடுங்கள். நிலையத்தின் எதிரொலிக்குள் அது எங்கோ யாரோ துடைப்பத்தால் பெருக்கும் சத்தமாகவே கேட்கும். நிலையத்தில் மாலையில் பெருக்குவது இயல்பு. எவரும் ஐயப்பட மாட்டார்கள். முற்றத்துக்கு வந்து பாட்டியின் கையைப் பார்த்ததும் காது பின்னோக்கித் திருத்திக்கொள்ளும்: நாம் அப்போதே இந்த வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று. அந்தத் திருத்தம் பார்ப்பவருடைய மனத்தில் நடக்கிறது. திரையில் எதையும் சுட்ட வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலும் ஒன்று செய்யுங்கள். முற்றத்துத் தரையில் அவர் வைக்கும் முதல் இரண்டு அடிகளுக்கு நிலையத்தின் எதிரொலியை விட்டுவையுங்கள். மூன்றாவது அடியில் அது இல்லாமல் போகட்டும். அந்த முற்றத்தில் சிமென்டா, மண்ணா என்று தெரியவில்லை. எதுவானாலும் மூன்றாவது அடியின் ஃபோலி (தனியே பதிவு செய்து சேர்க்கும் காலடி ஓசை) அந்தத் தரைக்கு உண்மையாக இருக்க வேண்டும். புனுவெல் 1967இல் எடுத்த 'பெல் து ஜூர்' படத்தில் நாயகியின் கற்பனைக்கும் அவளுடைய அன்றாடத்துக்கும் நடுவே பிம்பத்தில் வேலி கிடையாது, ஆனால் வண்டிக் குதிரைகளின் மணியோசை இரண்டு பக்கமும் நடமாடுகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட மணியோசை போல அது கதவு தட்டி அறிவிப்பதில்லை. கடைசி வரை அது எந்தப் பக்கத்துக்கு உரியது என்று நம்மால் தீர்மானிக்க முடியாது.

ரயில் ஹாரனை மட்டும் முற்றத்துக்குள் கொண்டுவராதீர்கள். அது வந்தால் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள்.

கேட்டவர்
எழுதியவர்: மாடிப்படி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு முழுவதும் இந்த இடத்திலேயே வேலை செய்தேன். கால்களின் நெருக்கக் காட்சி கையில் இருந்தது. அதைத் திருப்பிப் போட்டு, கால் பாதி இறங்கும்போது வெட்டி, மூன்று ஃபிரேம் பின்னால் தொடங்கினேன். புடைக்கும் ஓசை இப்போது ஒன்பது படிகளுக்கு முன்பே தொடங்குகிறது. முற்றம் சிவப்புச் சிமென்ட் தரை. மூன்றாவது அடியை அதே போன்ற தரையுள்ள ஒரு வீட்டில் புதிதாகப் பதிவு செய்தோம். படத்தை முன்பு பார்த்திராத மூன்று பேருக்குக் காட்டினேன். ஒருவர் பாட்டி பேசி முடித்த பிறகுதான் "இவர் எப்போது வீட்டுக்குள் வந்தார்?" என்று கேட்டு, பின்னால் போய்ப் பார்க்க விரும்பினார். மற்ற இருவரும் நினைவு என்றோ கனவு என்றோ சொல்லவில்லை. ஒருத்தி, தன் பாட்டி வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள்.

ஆனால் இந்த வெட்டு அமைந்த பிறகு கொல்லைக் கதவின் வெட்டு வலுவிழந்துவிட்டது. கதவில் கை வைத்ததுமே மூவரும் அதற்கு அப்பால் நடைமேடைதான் இருக்கும் என்று எதிர்பார்த்துவிட்டார்கள். ஒரே உத்தியை இரண்டாம் முறை செய்வதாக எனக்கே தெரிகிறது.

மறுமொழி 6
எழுதியவர்: ஒட்டுநாடா

எதிர்பார்ப்பார்கள். வாசல் கதவும் கொல்லைக் கதவும் ஒரே மாதிரி திறந்தால் அது விதியாகிவிடும். புனுவெல் 1962இல் எடுத்த 'தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' படத்தின் தொடக்கத்தில் விருந்தினர்கள் மாளிகைக்குள் நுழையும் காட்சி இரண்டு முறை வருகிறது. இரண்டாம் முறை கோணம் மட்டும் வேறு. யாரும் எதுவும் சொல்வதில்லை, விருந்து நடக்கிறது. முதல் முறை பார்ப்பவர்கள் சுருள் தவறாக ஒட்டப்பட்டுவிட்டதோ என்றுகூட எண்ணுவார்கள். படிக்கட்டில் இறங்குவதை எத்தனை டேக் எடுத்தீர்கள்? மேலிருந்து எடுத்த கோணம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

கேட்டவர்
எழுதியவர்: மாடிப்படி

இருக்கிறது ஐயா. நிலையத்தில் அனுமதி கிடைத்த அரை நாளில் ஏழு டேக் எடுத்தோம். அவற்றில் இரண்டு மேல்தளத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து நேர்கீழாக எடுத்தவை. பயன்படாது என்று தனியே ஒதுக்கி வைத்திருந்தேன். நடைமேடையையும் வேளச்சேரி வண்டியையும் எடுத்துவிட்டு, கதவின் தாழ்ப்பாளை அவர் நீக்கும் கையிலிருந்து நேராக அந்த ஷாட்டுக்கு வெட்டிப் பார்த்தேன். அதே மனிதர், அதே சட்டை, அதே படிகள், முதல் முறை இறங்கிய அதே வேகம். புடைக்கும் ஓசை இம்முறை இல்லை. துடைப்பம் பெருக்கும் உண்மையான சத்தம் மட்டும். அவர் கடைசித் திருப்பத்துக்கு வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. கடைசிப் படியைக் காட்டவில்லை.